கணக்கு டீச்சர் ஒரு வருட விடுப்பில்: வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர் சில நேரம் தலைமையாசிரியர், சில நேரம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா. "பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஆகஸ்டில் மகப்பேறு விடுப்பில் போறாங்க. இருக்கிறவங்களை வெச்சே ஓட்டிடலாமா, சம்பளம் கொடுத்து யாரையாவது வெச்சுக்கலாமா, இல்ல பக்கத்து ஸ்கூல்ல இருந்து மாற்றுப்பணியில கேட்கலாமா?"

தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2016-இல் 6 மாதத்திலிருந்து 9 மாதமானது. 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். வேண்டிய விடுப்பு, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிகளில் மாற்று ஏற்பாடு என்று பழகிப்போயிருப்பது ஒரு நாள் தற்செயல் விடுப்புக்கானது. காலையில் அட்ஜஸ்ட்மென்ட் நோட்டை எடுத்து, யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வு என்று பார்த்து, கையெழுத்து வாங்கி அனுப்புவதோடு அந்த ஏற்பாடு முடிந்துவிடும். அதே நோட்டை வைத்து ஒரு வருடம் ஓட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன. விளைவு என்னவென்று அந்த வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திறந்தாலே தெரியும்.

இன்னொரு சிக்கலையும் பலர் கவனிப்பதில்லை. 12 மாத விடுப்பு ஒரு கல்வியாண்டுக்குள் அடங்காது. ஆகஸ்டில் போனவர் அடுத்த ஆகஸ்டில் வருவார். அதற்குள் பத்தாம் வகுப்பு தேர்வெழுதி வெளியே போயிருக்கும், ஒன்பதாம் வகுப்பு பத்தாம் வகுப்பாகியிருக்கும். அதனால் இந்த ஏற்பாடு இரண்டு கல்வியாண்டுகளைத் தொடும். மே மாதத்தோடு திட்டம் முடிந்தது என்று நினைத்தவர்கள் ஜூனில் மறுபடியும் தலையில் கை வைத்து உட்கார வேண்டியிருக்கும்.

வேலூர் மாவட்டத்துக்கு இது கூடுதல் பாரம். 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, வேலூர் 82.07 விழுக்காட்டுடன் கடைசி இடம். இதற்கு ஆசிரியர் விடுப்புதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனால் ஏற்கெனவே தடுமாறுகிற இடத்தில் ஒரு பாடம் ஆளில்லாமல் நின்றால் முதலில் விழுவது 35 மதிப்பெண் ஓரத்தில் நிற்கிற பிள்ளைதான்.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலும் கேட்கப்படுவது "வகுப்பில் ஆள் இருக்கிறாரா?" என்பது மட்டுமே. ஆள் இருந்தால் சத்தம் வராது, அவ்வளவுதான். நான் முதலில் கேட்பது: அந்த வகுப்பின் நோட்டை யார் திருத்துகிறார்? நோட்டு திருத்துகிறவருக்குத்தான் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தவறுகிறது என்று தெரியும். மூன்று பேர் மாறிமாறி வகுப்பெடுத்தால் ஒருவர்கூட நோட்டைத் தொட மாட்டார். ஒவ்வொருவரும் மற்றவர் திருத்துவார் என்று நினைப்பார்.

அடுத்தது தொடர்ச்சி. வந்தவர் அரையாண்டு வரையாவது இருப்பாரா? பாட அறிவை இதற்குப் பிறகுதான் வைப்பேன். ஆறாம் வகுப்புக்கு எந்தப் பட்டதாரியும் ஓரளவு சமாளிப்பார், பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு அது நடக்காது. பிறகு, எவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைப்பார், பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விகள். கடைசியாக, யாருமே கணக்கில் எடுக்காத ஒன்று: இந்த ஓட்டையை அடைக்க வேறு எந்த வகுப்பில் ஓட்டை விழுகிறது?

## இருக்கிறவர்களே பகிர்ந்துகொள்வது

உடனே கிடைப்பது இதுதான். யாரிடமும் ஆணை கேட்க வேண்டாம், செலவில்லை, பிள்ளைகளுக்கு முகம் தெரிந்தவர்கள். அதனால்தான் எல்லாப் பள்ளிகளும் இதில் தொடங்குகின்றன. பல பள்ளிகள் இதிலேயே நின்றும் விடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 5 நாள், நாளைக்கு 8 பாடவேளை என்றால் வாரத்துக்கு 40. ஒரு பட்டதாரி ஆசிரியர் 28 பாடவேளை எடுக்கிறார் என்றால் அவருக்கு மிஞ்சுவது 12. விடுப்பில் போனவரின் 28-ஐ மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 9 அல்லது 10. இனி அவர்களுக்கு வாரத்தில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ ஓய்வுப் பாடவேளை. அதற்குள் தன் வகுப்பு நோட்டைத் திருத்த வேண்டும், எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு போட வேண்டும், உதவித்தொகைப் படிவம் பார்க்க வேண்டும், பாடக்குறிப்பு எழுத வேண்டும். நான்கு பிரிவுகளில் 40 பேர் வீதம் என்றால் கூடுதலாக 160 கணக்கு நோட்டுகள் வந்து நிற்கும். அவற்றை யாரும் திருத்தப்போவதில்லை. அதோடு, அந்த அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் தங்கள் சொந்தப் பாடத்துக்கான நோட்டு திருத்துவதையும் மெல்லக் குறைத்துக்கொள்வார்கள். கணக்கில் விழுந்த பள்ளம் அறிவியலுக்கும் பரவும். காலாண்டுத் தேர்வில் இது தெரியாது, அரையாண்டில் தெரியும்.

இருந்தாலும் இந்த வழியை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. சரியாகச் செய்தால் இரண்டு மாதம் வரையிலான விடுப்புக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சரியாகச் செய்வதென்றால் என்ன?

விடுப்பு இரண்டு வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்த அன்றே அட்ஜஸ்ட்மென்ட் நோட்டை மூடிவைத்துவிட்டுப் புதிய கால அட்டவணை போட வேண்டும். அன்றன்றைக்கு யாருக்கு ஓய்வோ அவர் போவது என்றால், பிள்ளைகள் திங்கட்கிழமை தமிழ் ஐயாவையும் செவ்வாய்க்கிழமை பி.இ.டி. சாரையும் பார்ப்பார்கள். இருவரும் சொல்வது ஒன்றுதான்: "சத்தம் போடாம ஏதாவது எடுத்துப் படிங்க."

பிறகு, ஒரு பிரிவை முழுதாக ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். 9 'ஆ' பிரிவின் ஏழு பாடவேளையும் ஒருவருக்கே. ஏழை மூன்றாக உடைத்துக் கொடுத்தால் பொறுப்பும் மூன்றாக உடையும்.

கணக்கு படித்தவர் யார் என்பதையும் பணிப்பதிவேட்டில் போட்டிருக்கும் பாடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் பலர் கணிதத்தைத் துணைப்பாடமாகப் படித்திருப்பார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு அலகுகள். அவற்றில் ஆயத்தொலை வடிவியலையும் அளவியலையும் ஓர் இயற்பியல் ஆசிரியர் தயங்காமல் எடுப்பார். வினாத்தாளில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். இந்த 16 மதிப்பெண்ணும் பெரும்பாலும் கைப்பழக்கம். அளவுகோலும் காம்பஸும் வைத்துத் தினமும் ஒன்று வரையவைக்க எந்த ஆசிரியராலும் முடியும். கணக்கு தெரியாத ஆசிரியரிடம் வகுப்பைக் கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் இந்த இரண்டையும் அவரிடம் ஒப்படையுங்கள், இயற்கணிதத்தை வேண்டாம்.

## தற்காலிக ஆசிரியர்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அரசுப் பள்ளிகளில் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப 2022-இல் அரசு அனுமதித்தது. தொடக்கத்தில் அறிவித்த தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. பின்னர் அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. நியமனம் நீதிமன்றம் வரை போன பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று ஆனது.

இங்கேதான் பல மேலாண்மைக் குழுக்கள் தடுக்கி விழுகின்றன. விடுப்பில் இருப்பவரின் இடம் காலியிடம் அல்ல, அது அவர் பெயரில்தான் இருக்கிறது. எனவே ஒவ்வோர் ஆண்டும் வரும் ஆணையில் 'காலிப் பணியிடம்' என்று மட்டும் இருக்கிறதா, நீண்ட விடுப்பும் சேர்கிறதா என்று முதலில் படியுங்கள். புரியவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். "போன வருஷம் அந்த ஸ்கூல்ல போட்டாங்களே" என்பது தணிக்கையில் நிற்காது.

அரசுப் பணம் கிடைக்காதபோது முன்னாள் மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று பணம் திரட்டுவார்கள். மாதம் 8,000 அல்லது 10,000 என்று பேசி ஒருவரை வைப்பார்கள். இரண்டு மூன்று மாதம் நன்றாகப் போகும். பிறகு பணம் தருவதாகச் சொன்னவர் ஊரில் இருக்க மாட்டார், தலைமையாசிரியர் தன் பையிலிருந்து கொடுப்பார். பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வசூலிப்பதை அரசுப் பள்ளியில் செய்யவே கூடாது. விடுப்பு முடியும்வரைக்கான முழுத் தொகையும் கையில் சேர்ந்த பிறகு ஆளைக் கூப்பிடுவதே நல்லது. 12 மாதத்தில் கோடை விடுமுறையைக் கழித்துப் பத்து மாதச் சம்பளம், மாதம் 10,000 என்றால் ஒரு லட்சம். அது சேராதென்றால் இந்த வழியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஆள் கிடைப்பது ஊரைப் பொறுத்தது. வேலூர் நகரிலும் காட்பாடியிலும் சிரமமில்லை. ஊரிசு, முத்துரங்கம், டி.கே.எம்., ஆக்சீலியம் என்று கல்லூரிகள் இருக்கும் நகரம் இது. பட்டம் முடித்து, பி.எட். முடித்து, தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. நகரப் பேருந்து போகும் தூரமென்றால் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இருக்காது. ஒடுகத்தூர் தாண்டியோ பேரணாம்பட்டு தாண்டியோ இருக்கும் பள்ளிக்கு நிலைமை வேறு. 10,000 ரூபாய்க்கு ஒருவர் தினமும் இரண்டு பேருந்து மாறி வந்தால் இரண்டாம் மாதமே அலுத்துவிடும். அங்கே உள்ளூர்க்காரர் கிடைத்தால் மட்டும் இந்த வழி நிற்கும்.

மறைமுகச் செலவில் பெரியது, இவர்கள் பாதியில் போய்விடுவது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. 10,000 ரூபாய் வேலையில் இருப்பவருக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்திலிருந்தோ டி.என்.பி.எஸ்.சி.யிலிருந்தோ அறிவிப்பு வந்தால் படிக்கப் போகத்தான் செய்வார். ஜனவரியில், பாடம் முடிந்து திருப்புதல் தேர்வு தொடங்கும் நேரத்தில் போனால்தான் பெரிய அடி.

அதனால் என் கருத்து இது: தற்காலிகமாக வருபவரை விடுப்பில் போனவரின் நாற்காலியில் அப்படியே உட்கார வைக்காதீர்கள். பள்ளியில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருந்தால் அவரைப் பத்தாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டு, அவர் எடுத்துக்கொண்டிருந்த ஆறு, ஏழாம் வகுப்பைப் புதியவருக்குக் கொடுங்கள். புதியவர் பாதியில் போனாலும் பொதுத்தேர்வு வகுப்பு ஆடாது. இதற்கும் விலை உண்டு: ஒரு வகுப்புக்குப் பதில் இரண்டு வகுப்புகளுக்கு ஆசிரியர் மாறுகிறார், ஏழாம் வகுப்புப் பெற்றோர் வந்து "எங்க பிள்ளைங்க மட்டும் என்ன பாவம் செஞ்சாங்க" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏழாம் வகுப்பில் விட்டதை எட்டாம் வகுப்பில் பிடிக்கலாம், பத்தாம் வகுப்பில் விட்டதைப் பிடிக்க அடுத்த வகுப்பு இல்லை.

எழுத்தில் எதுவும் இல்லாமல், "நம்ம பையன்தான், நல்லா சொல்லிக்கொடுப்பான்" என்று யாரையும் வகுப்புக்குள் அனுப்பாதீர்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானம், சான்றிதழ் நகல், அடையாள அட்டை நகல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற கடிதம், இவ்வளவும் கோப்பில் இருக்கட்டும். பிள்ளைகளோடு தனியாக இருக்கப்போகிற ஒருவர் அவர்.

## பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணி

தகுதியுள்ள, அனுபவமுள்ள, அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வருகிறார். காகிதத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. பெரும்பாலும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் என்றுதான் ஆணை வரும்.

தொடக்கப் பள்ளிகளில் இதற்கு வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாவட்ட, முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகவும் போக வேண்டும். எந்தப் பள்ளியில் உபரி ஆசிரியர் என்பது ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்த பிறகுதான் தெளிவாகும். ஜூனில் விடுப்பு தொடங்கினால் அதுவரை இடைவெளியை உள்ளேயே சமாளிக்க வேண்டியிருக்கும். வெறும் "ஆள் வேண்டும்" என்று எழுதுவதைவிட, எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்தில் யாருக்கு வாரப் பாடவேளை குறைவு என்று பார்த்து, அந்தத் தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள். ஆணை சீக்கிரம் வரும்.

மாவட்ட எல்லை ஒரு தொல்லை. 2019 நவம்பர் வரை வாலாஜா, ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் வேலூர் மாவட்டம். இன்று ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள். திருவலத்தில் இருக்கும் பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் உபரி ஆசிரியர் இருந்தாலும் அவர் ராணிப்பேட்டைக்காரர் என்றால் இரண்டு முதன்மைக் கல்வி அலுவலகங்கள் கை கோக்க வேண்டும். உருது வழிப் பள்ளிகளுக்கு இது இன்னும் கடினம். உருதில் கணக்கோ அறிவியலோ நடத்தத் தெரிந்தவர்கள் வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று சிதறிக் கிடக்கிறார்கள், இன்று அது மூன்று மாவட்டம். உருது வழிப் பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுப்பணிக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதைவிட, உள்ளூரில் ஓய்வுபெற்ற ஆசிரியரைத் தேடுவதே நடைமுறை.

மறைமுகச் செலவு, ஆசிரியரை அனுப்பும் பள்ளியின் தலையில் விழுகிறது. இரண்டு நாள் அங்கே ஒரு வகுப்பு ஆளில்லாமல் இருக்கும். பொதுத்தேர்வு நெருங்கும்போது அந்தத் தலைமையாசிரியர் "என் ஆளைத் திருப்பி அனுப்புங்க" என்பார், அதுவும் நியாயமே. வருகிறவருக்கும் இரண்டு பள்ளிகளில் இரண்டு பாடக்குறிப்பு, இரண்டு கால அட்டவணை. அதனால் அவருக்கு உங்கள் பள்ளியில் வகுப்பாசிரியர் பொறுப்பையோ தேர்வு வேலையையோ கொடுக்காதீர்கள். வருகிற நாளில் முழுக்கப் பாடம் நடத்தட்டும். நாட்களைத் தொடர்ந்தாற்போல் கேட்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கேளுங்கள். இடைப்பட்ட நாளில் வேறொருவர் மேற்பார்வையில் பிள்ளைகள் பயிற்சிக் கணக்குப் போடலாம்.

ஈராசிரியர் பள்ளிக்கு இந்த வழியை விட்டால் வேறு இல்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளியைத் திறக்கவே ஆளில்லை. இப்படிப்பட்ட பள்ளிக்கு வாரம் மூன்று நாள் மாற்றுப்பணி போதாது, ஐந்து நாளும் கேட்க வேண்டும்.

## ஓய்வுபெற்றவர்கள், பி.எட். பயிற்சி மாணவர்கள்

ஊரில் ஓய்வுபெற்ற நல்ல கணக்கு வாத்தியார் இருந்தால் அது அதிர்ஷ்டம். பாதியில் விட்டுப் போக மாட்டார், வகுப்பு கட்டுக்குள் இருக்கும், சம்பளத்துக்காகவும் வருவதில்லை. ஆனால் எப்போது ஓய்வுபெற்றார் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது 2019-20-இல். அதற்கு முன் போனவர் இந்தப் புத்தகத்தை நடத்தியதே இல்லை. வினாத்தாள் அமைப்பையும் புத்தகத்தையும் கையில் கொடுத்து இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். காலை வேளை மட்டும் பத்தாம் வகுப்புக்கு என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்; எட்டு பாடவேளையும் நிற்கச் சொல்வது சரியல்ல.

பி.எட். மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி உண்டு. அவர்களை வைத்து ஓட்டிவிடலாம் என்பது ஆபத்தான எண்ணம். அவர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பக்கத்தில் அந்தப் பாட ஆசிரியர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஆசிரியர்தானே விடுப்பில் இருக்கிறார்? கீழ் வகுப்புகளில் நோட்டு திருத்த, வாய்ப்பாடு கேட்க, மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு உட்கார உதவி கேட்கலாம்.

## பிரிவுகளை இணைப்பதும் திரையில் ஓட்டுவதும்

'அ' பிரிவில் 35, 'ஆ' பிரிவில் 35, சேர்த்தால் 70. வேலூர் வெயிலில் ஒரே அறையில் 70 பேரை அடைத்து உட்கார வைத்தால் பின்வரிசைக்குக் கரும்பலகையும் தெரியாது, பாடமும் ஏறாது. திருப்புதல் நேரத்தில், எல்லோரும் ஒரே தேர்வு எழுதும் நாளில், சரி. புதுப் பாடத்துக்கு வேண்டாம்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, 2023-இல் வந்த மணற்கேணி செயலி இருக்கிறது, பல பள்ளிகளில் ஹைடெக் லேபும் இருக்கிறது. மணற்கேணிக் காணொளிகள் நன்றாகவே இருக்கின்றன. கணக்கு தெரியாத ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஒரு கணக்கைப் போடச் சொல்லி, மறுபடி ஓட்டினால் அது உண்மையில் வேலை செய்கிறது. நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் பாதிப் பேர் தூங்குவார்கள். திரை நோட்டு திருத்தாது. அறிவியலுக்கென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண், கருவிகளைப் பிள்ளை கையில் பிடித்துத்தான் பழக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | நோட்டு திருத்துபவர் | தொடர்ச்சி | எப்போது கிடைக்கும் | செலவு | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|---|
| உள்ளேயே பகிர்வு | பிரிவுக்கு ஒருவர் என்றால் உண்டு. இல்லையென்றால் யாருமில்லை | இரண்டு மாதம் வரை நன்று | மறுநாளே | இல்லை | மற்ற பாடங்களும் தளரும் |
| தற்காலிக ஆசிரியர் | அவரே | பாதியில் போகலாம் | இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் | மாதம் 8,000 முதல் 15,000 வரை | ஜனவரியில் ஆளில்லாமல் நிற்பது |
| மாற்றுப்பணி | ஓரளவு | ஆணை ரத்தாகும் வரை | பெரும்பாலும் ஆகஸ்டுக்குப் பின் | பள்ளிக்கு இல்லை | அனுப்பிய பள்ளியின் வகுப்பு |
| ஓய்வுபெற்றவர் | அவரே | மிக நன்று | ஆள் இருந்தால் உடனே | சிறிய மதிப்பூதியம் | உடல்நிலை, பழைய பாடநூல் பழக்கம் |
| பி.எட். பயிற்சி மாணவர் | உதவி மட்டும் | 16 வாரம் | கல்லூரி அனுப்பும்போது | இல்லை | மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் |
| இணைப்பு வகுப்பு | யாருமில்லை | சில நாள் | உடனே | இல்லை | இரண்டு பிரிவும் கெடும் |
| திரைப் பாடம் | யாருமில்லை | ஓட்டுகிறவரைப் பொறுத்து | உடனே | இல்லை | கேள்வி கேட்க ஆளில்லை |

## உங்கள் பள்ளிக்கு எது

இரண்டோ மூன்றோ கணக்கு ஆசிரியர்கள் இருக்கும் மேல்நிலைப் பள்ளி என்றால்: பத்தாம் வகுப்பை உள்ளே இருக்கும் அனுபவசாலிக்குக் கொடுத்துவிட்டு, கீழ் வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர். வேறு யோசனையே வேண்டாம்.

ஒரே கணக்கு ஆசிரியர் இருக்கும் கிராமத்து உயர்நிலைப் பள்ளிதான் மிகக் கடினமானது. அங்கே மூன்றையும் சேர்த்துத்தான் ஓட்ட முடியும். பத்தாம் வகுப்புக்கு ஓய்வுபெற்றவர் அல்லது வாரம் மூன்று நாள் மாற்றுப்பணி, ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியர், ஆறிலிருந்து எட்டு வரை உள்ளூர்த் தற்காலிக ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பை அலட்சியமாக விடாதீர்கள். டீச்சர் திரும்பி வரும்போது அவர்கள்தான் பத்தாம் வகுப்பில் இருப்பார்கள்.

பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலைப்பகுதிகளில் கீழிருந்து தினமும் ஏறி வருகிறவரை நம்பித் திட்டம் போடாதீர்கள். மலையிலேயே படித்து முடித்த பட்டதாரி ஒருவர் சுமாராக நடத்தினாலும் தினமும் இருப்பார், அது பெரிது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் அது வேறு துறை. பள்ளிக்கல்வித் துறையிலிருந்து மாற்றுப்பணி கேட்டு மாதங்களை வீணாக்காமல் அந்தத் துறையின் திட்ட அலுவலரிடமே போக வேண்டும்.

தனியார் பள்ளிகளின் கதை வேறு. தனியார் துறைக்கான மகப்பேறு சட்டத்தில் 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். பெரும்பாலான நிர்வாகங்கள் உடனே புது ஆளைப் போட்டுவிடும், ஆகவே பாடம் நிற்பதில்லை. பழைய டீச்சருக்குத் திரும்பி வர இடமிருக்குமா என்பதே அங்கே கேள்வி. பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்று: வருடத்தில் மூன்றாவது ஆளா இது?

## போவதற்கு முன் எழுதி வாங்க வேண்டியவை

மகப்பேறு விடுப்பு திடீரென்று வருவதல்ல, மாதக்கணக்கில் முன்பே தெரியும். அந்த இடைவெளியில் மூன்று தாள் எழுதி வாங்கினால் போதும். எந்தப் பிரிவில் எந்தப் பயிற்சி வரை முடிந்தது. எந்தெந்தப் பிள்ளைக்கு எதில் சிக்கல், பெயரோடு (பின்னக் கணக்கே வராத பிள்ளையை "சுமார்" என்று எழுதினால் பயனில்லை). அடுத்த இரண்டு மாதத்துக்கான ஸ்லிப் டெஸ்ட் கேள்விகள். புதியவர் வந்த பிறகு ஒரு வாரமாவது இருவரும் ஒரே வகுப்பில் இருக்க முடிந்தால் நல்லது.

அதன் பிறகு அவரை விட்டுவிடுங்கள். கைக்குழந்தையோடு இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் "மேடம், அரையாண்டு கொஸ்டின் பேப்பர் மட்டும் போட்டு அனுப்பிடுங்க" என்று கேட்கும் பள்ளிகள் இருக்கின்றன. விடுப்பில் இருப்பவரிடம் வேலை வாங்குவது மாற்று ஏற்பாடு ஆகாது.

திரும்பி வரும் தேதியையும் இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். ஈட்டிய விடுப்பைச் சேர்த்து நீட்டிப்பாரா என்று மூன்று மாதம் முன்பே கேட்டுவிடலாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் திரும்பினால் பத்தாம் வகுப்பை உடனே அவரிடம் கொடுக்கலாம். அரையாண்டுக்குப் பிறகு திரும்பினால், அதுவரை பாடம் நடத்தியவரிடமே பொதுத்தேர்வு வகுப்பை விட்டுவிட்டு, வந்தவருக்கு ஒன்பதாம் வகுப்பையும், பத்தில் தேர்ச்சி ஐயமாக இருக்கும் பதினைந்து இருபது பிள்ளைகளின் மாலை வகுப்பையும் கொடுங்கள். தற்காலிக ஆசிரியரின் கடிதத்தில் கடைசி நாளை அதற்கேற்ப மார்ச் வரை நீட்டி எழுதிவைப்பது இப்போதே செய்ய வேண்டிய வேலை.